என் வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்பிவையுங்கள்

மரிந்துக்கே தீவு, காசன் ஊர்
பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை

வின்னிபெக் நகரத்தில் என் மகன் வீட்டில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தியம்மா லியோனிலா அவர்களுக்கு,

கொன்சோர்சியா வணக்கத்தோடு எழுதுவது. மாதாவின் கிருபையில் இங்கே நான் சுகம், பன்றி சுகம், கோழிகளும் சுகம். அங்கே நீங்களும், என் மகன் ரொடெலியோவும், உங்கள் மகள் மேரிகாரும், நம் பேத்தி ஆல்தியாவும், போன மாதம் செத்துப்போன என் வீட்டுக்காரரும் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் அதைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து வீட்டுக்கே கேட்கிற மாதிரிப் போட்டுவிடுகிறீர்கள். அந்த மேசையருகில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் சொல்லப்போவது அவர் காதில் விழக் கூடாது. கடிதம் என்றால் பயமில்லை. அவருடைய கண்ணாடி இங்கே என்னிடம்தான் இருக்கிறது, அது இல்லாமல் தன் பெயரைக்கூட அவரால் படிக்க முடியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு டோமெங்கின் மகள் லூஸ் உங்கள் ஊரில் நர்சாக இருக்கிறாளே, லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை உங்களிடம் வந்து சேரும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் அடுப்பில் நெருப்பு இல்லை என்று சொன்னீர்கள், அப்படியென்றால் கிழித்துவிடுங்கள்.

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மனிதர் சம்பந்தியம்மா இருக்கிற வீட்டில் போய் அழைப்பில்லாமல் இத்தனை நாள் உட்கார்ந்திருப்பது முறையில்லை, எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தவரை அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. பிள்ளைகள் கல்யாணத்துக்கு லூசெனாவில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது மெத்தை போட்டுக் கொடுத்தீர்கள், அவர் கூச்சப்பட்டுக்கொண்டு தன்னுடைய மூன்று சக்கர வண்டியில் போய்ப் படுத்தார், நினைவிருக்கிறதா. பயணிகளை ஏற்றி இறக்கியே பழகினவர், அடுத்தவர் வீட்டு நாற்காலியில் நிம்மதியாக உட்காரத் தெரியாது. செத்த பிறகு இப்படி ஒட்டிக்கொள்வார் என்று நான் கண்டேனா.

அவர் எப்படிப் போனார் என்பதை ரொடெலியோ சொல்லியிருப்பான், ஆனால் அவனுக்கும் நான் பாதிதான் சொன்னேன். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரம். மத்தியானம். பின்கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தேன். சோறு ஆறுது, வாங்க என்றேன். சுத்தியல் சத்தம் நின்றது. சரி, கை கழுவப் போகிறார் என்று மீனைப் புரட்டிப் போட்டேன். புரட்டிப் போட்ட பக்கமும் வெந்துவிட்டது, ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால் கதவில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு நான் அவரிடம் கடைசியாகச் சொன்னது சோறு ஆறுகிறது என்பது. எனக்கு அவரிடம் வேறு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் சம்பந்தியம்மா. இந்தக் கடிதமே அதற்குத்தான். மீதியெல்லாம் கதை.

சரி, கதையைச் சொல்கிறேன். ரொடெலியோவால் வர முடியவில்லை. காகிதங்கள் முடியவில்லை, இப்போது வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்று அழுதான். நான் அவனைக் குறை சொல்லவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பாட்டியில் ஒருத்தியைத்தான் கூப்பிட முடியும் என்றபோது உங்களைக் கூப்பிட்டான், அதையும் குறை சொல்லவில்லை, எனக்குப் பன்றி இருக்கிறது. ஆக, அப்பா சாவுக்குப் பிள்ளை போனில் வந்தான். சவப்பெட்டியின் தலைமாட்டில் மீன் டப்பா ஒன்றை வைத்து அதில் போனைச் சாய்த்து நிறுத்தினோம். துக்கத்துக்கு வந்தவர்கள் முதலில் பெட்டியின் கண்ணாடி மூடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் போனுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார்கள், இரண்டையும் பார்த்து ஒரே மாதிரி உச்சுக்கொட்டினார்கள். யாரோ போனுக்கு முன்னால் காப்பியும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கே சில சமயம் குழம்பிவிட்டது, இதில் படையல் யாருக்கு என்று. வீடு பெருக்கவில்லை, சாவு வீட்டில் பெருக்கினால் அடுத்த ஆளையும் சேர்த்துப் பெருக்கிவிடும். வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பவில்லை. சீட்டாட்டம் நடந்தது. முறையில் ஒரு குறையும் இல்லை, ஆள்தான் குறை. பெட்டி தூக்க ஆறு ஆம்பளை வேண்டும். எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தால் ஒருத்தன் கப்பலில், ஒருத்தன் சவுதியில், ஒருத்தன் எங்கே என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியாது, இருக்கிறவர்களுக்கு மூட்டுவலி. கடைசியில் ஊர்க் கூடைப்பந்து அணியைக் கூட்டிவந்தோம். அவர்களுக்கு அன்றைக்குச் சாயங்காலம் போட்டி இருந்ததால் முதுகில் எண் போட்ட சட்டையோடே வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பச்சை மஞ்சள் சட்டைகளுக்கு நடுவில் போனார். அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். பார்த்திருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

தப்பு நடந்தது பெட்டி கிளம்பும்போது. இஸ்கா அக்கா என்று ஒருத்தர் இருக்கிறார், எல்லாச் சாவு வீட்டிலும் ஜெபம் சொல்கிறவர், சாமியாரே அவர் வந்தால் சற்றுத் தள்ளி நிற்பார். அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றார். "பேரப்பிள்ளையப் பெட்டிக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் கடத்தணும். கடத்தலேன்னா செத்தவரு பிள்ளையத் தேடிக்கிட்டு வந்து நிப்பாரு" என்றார். முறைதான், உங்கள் ஊரிலும் செய்வீர்கள். ஆனால் பேரப்பிள்ளை இருப்பது கனடாவில் என்று சொன்னேன். அவர் போனைக் காட்டி, "இதுல முழிச்சிக்கிட்டு இருக்கிறது யாரு, என் பேத்தியா?" என்றார். உங்களுக்கு அப்போது சாயங்காலம், ஆல்தியா ரொடெலியோவின் மடியில் உட்கார்ந்து போனில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று டோமெங் இந்தப் பக்கம் நின்றான், இஸ்கா அக்கா அந்தப் பக்கம் நின்றார். டோமெங் போனை இரண்டு கையாலும், நிஜமாகவே பிள்ளையின் கக்கத்தில் கை கொடுத்த மாதிரிப் பிடித்து, பெட்டிக்கு மேலே நீட்டினான். சரியாக என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக வந்தபோது சிக்னல் போய்விட்டது. ஆல்தியாவின் முகம் வாய் திறந்தபடி நின்றுபோனது. இஸ்கா அக்கா கையில் வாங்கியபோது போன் வெறும் கறுப்பு.

அப்புறம் அங்கேயே வாக்குவாதம். டோமெங், "போன் கடந்துருச்சில்ல, உள்ள இருந்த பிள்ளையும் கடந்த மாதிரிதான்" என்றான். இஸ்கா அக்கா, "பானை கடந்துச்சுடா, கஞ்சி நடுவுலயே கொட்டிருச்சு" என்றார். இன்னொரு தடவை செய்யலாமென்றால் சிக்னல் திரும்பவில்லை. கல்லறை வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஏழாம் எண் சட்டைக்காரன் கை வலிக்கிறது என்றான். கிளம்பிவிட்டோம்.

உங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று ரொடெலியோ ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னான். எங்களுக்குத்தான் படம் நின்றுபோனதாம். ஆல்தியாவுக்கு நிற்கவில்லையாம். திரை முழுக்கத் தாத்தா முகம் தெரிந்ததாம், இவன் பார்க்கும்போது கண் மூடித்தான் இருந்ததாம். ஆனால் பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே, "லோலோ உள்ள வரலாமான்னு கேட்டாரு, வாங்கன்னு சொன்னேன்" என்றதாம். யார் வந்தாலும் உள்ளே வாங்க என்று சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான் என்று அறிவேன். நல்ல வளர்ப்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இது எதுவும் தெரியாமல் நான் இங்கே காத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்கு வருவார்கள் அல்லவா. அவர் இடத்தில் தட்டு வைத்து, பூண்டுச் சோறு, வறுத்த மீன், கறுப்புக் காப்பி எல்லாம் வைத்தேன். ஆறிப்போனது. மறுநாளும் வைத்தேன். எறும்புகூட வரவில்லை. வாசல்படியில் சாம்பல் தூவினேன், கால்தடம் விழுந்தால் வந்தார் என்று தெரிந்துகொள்ளலாம். காலையில் தடம் இருந்தது. இஸ்கா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டி, உன் புருஷனுக்குக் கால்ல மூணு விரலா?" என்று கேட்டார். நாலு என்றேன். இடது காலில் சுண்டுவிரல் இல்லை, வாலிபத்தில் படகு இயந்திரம் கொண்டுபோய்விட்டது. "அப்ப இது உன் கோழி" என்றார்.

ஆவி வந்தால் பயம் என்பார்கள். வராத வீட்டில் ஒரு வாரம் இருந்து பாருங்கள் சம்பந்தியம்மா. நாற்காலி கிறீச்சென்று சொல்லவில்லை. அவருடைய யூகலிப்டஸ் தைல வாசம் சட்டையிலிருந்து இரண்டே நாளில் போய்விட்டது, துவைக்காத சட்டை, அதற்குள் எப்படிப் போகும்? தலையணைக் குழி நிமிர்ந்துவிட்டது. யாரோ வந்து அவருடைய சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கண்ணாடி மட்டும் மறந்துபோயிற்று போல.

அப்போதுதான் நீங்கள் போன் பண்ணினீர்கள். நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை, திருப்பிச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் மேசையடியில் தள்ளிவைத்திருந்த நாற்காலி வெளியே இழுபட்டிருந்தது. தைல வாசம். கோப்பையில் கறுப்புக் காப்பியின் கசடு. ஆல்தியா தட்டில் ஒரு பருக்கை இல்லை, நீங்கள் மல்லுக்கட்டினாலும் தின்னாத பிள்ளை. அடுத்த நாள் பின்வாசல் பனியில் வெறுங்கால் தடம், குப்பைத் தொட்டிவரை போய்த் திரும்பியிருந்தது. "சம்பந்தியம்மா, பயந்துராதீங்க, ஒரு கால்ல நாலு விரல்தான் பதிஞ்சிருக்கு" என்றீர்கள். நான் பயப்படவில்லை. என் கையிலிருந்த கரண்டிதான் விழுந்தது. அந்தக் குளிரில் செருப்பில்லாமல் குப்பை கொட்டப் போயிருக்கிறார். இங்கே இருபது தரம் சொன்னால்தான் குப்பையைத் தொடுவார்.

இங்கிலீஷ் தவிர வாயைத் திறக்காத பிள்ளை எங்கள் தீவுப் பேச்சு பேசுகிறது என்றீர்கள். அந்தப் பிள்ளை தன் லோலாவுக்கு, அதாவது எனக்கு, ஒரு சேதி சொல்லச் சொன்னது என்றீர்கள். "பின்கதவுத் தாழ்ப்பாள இழுக்கக் கூடாதாம், தூக்கித் தள்ளணுமாம். லோலா இழுத்துக்கிட்டே இருப்பாங்களாம்." சவ அடக்கம் முடிந்த நாளிலிருந்து அந்தக் கதவு திறக்கவில்லை, ஆணி இறுகிவிட்டது என்று விட்டுவிட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். தூக்கித் தள்ளினேன். எண்ணெய் போட்ட மாதிரித் திறந்தது. மத்தியான வெயில் முழுக்க உள்ளே வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இங்கே எல்லோரும் கனடா போகிறார்கள், அது தெரிந்த கதை. செத்தவரும் போய்விட்டார் சம்பந்தியம்மா. விசாவுக்கு நின்றவர்கள் நிற்க, இவர் ஒரு காகிதமும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் மட்டும்தான் பாக்கி.

அவரைத் திரும்ப வரவழைக்க நான் பார்க்காத வழியில்லை. வழி தவறினவர்கள் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டால் வழி தெரியும் அல்லவா, அவர் சட்டைகள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடியில் காயப்போட்டேன். அப்படியும் வரவில்லை, தெருவில் போகிறவர்கள்தான் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று சாமியாரிடம் சொல்லிவிட்டார்கள், அவர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து தன்னுடைய பல்வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். அப்புறம் டோமெங் ஒரு யோசனை சொன்னான். அவருடைய வண்டியை எடுத்துப் போனுக்கு முன்னால் முடுக்கிக் காட்டினால், யாரோ தன் வண்டியைத் தொடுகிறான் என்று ரோஷத்தில் ஓடிவருவார் என்றான். நல்ல யோசனை, உயிரோடிருந்தால் அதற்குத்தான் முதலில் ஓடிவருவார். அந்தச் சனிக்கிழமை காலை உங்களைப் போனை எடுக்கச் சொன்னது அதற்காகத்தான், ஆல்தியாவுக்குத் தாத்தா வண்டியைக் காட்டுகிறேன் என்று நான் சொன்னது பொய். டோமெங் உதைத்தான், உதைத்தான், வண்டி இருமியது. ஆல்தியா அங்கே சிரிக்க ஆரம்பித்தது. "லோலோ சொல்றாரு, அந்தப் பித்தளைச் சாமான்ல தண்ணி ஏறிருச்சாம். டோமெங்குக்கு அறிவே கிடையாதாம்." டோமெங் கழற்றிப் பார்த்தான். தண்ணீர். அவன் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தவன், அதிலிருந்து என் வேலிப் பக்கம் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான். அறிவில்லை என்றதற்குக் கோபமா, பயமா தெரியவில்லை.

இதையும் கேட்டுவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு யார் காப்பி போடுகிறார்கள்? நீங்கள் என்றால், எதற்கு? உங்கள் வீட்டுக்காரர் காலமாகி எட்டு வருஷம், தனிமை எனக்குப் புரிகிறது, நானும் இப்போது அந்தக் கட்சிதான். ஆனாலும் அவர் என்னுடையவர். நான் வைத்த காப்பி இங்கே ஆறிச் சில்லிட்டுக் கிடக்கிறது, நீங்கள் வைத்த காப்பியைக் கசடுவரை குடிக்கிறார் என்று கேட்டால் ஒரு பெண்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? எழுதிவிட்டேன், இனி மனசில் இல்லை.

இப்போது நான் கேட்பதைக் கவனமாகப் படியுங்கள். நாற்பதாம் நாள் வருகிறது. அன்றைக்கு ஜெபம் சொல்லி வாசல் கதவைத் திறந்துவைத்தால் அவர் போக வேண்டிய இடத்துக்குப் போவார். அவர் இந்த வாசலிலிருந்து போக வேண்டும். போகும்போது நான் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் ஊர் வாசலிலிருந்து பனிக்குள் இறங்கிப் போய்விட்டால் நான் எந்தத் திசையைப் பார்த்துச் சொல்வது? இஸ்கா அக்காவைக் கேட்டேன். அவர், "விட்ட எடத்துலேர்ந்து முடிச்சிரலாம். குழிக்கு மேல அந்தப் பிள்ளைய முழுசாக் கடத்திட்டா, பிள்ளைய விட்டுட்டு வீட்டுக்கு வந்துருவாரு" என்றார். பாதியிலேயே விட்டால் என்று கேட்டேன். "பாதியிலதான் கிடப்பாரு. நாப்பது இல்ல, நானூறு நாளானாலும் அந்தப் பிள்ளை பக்கத்தவிட்டு நகரமாட்டாரு. அவருக்கும் ஓய்வு கிடையாது, உனக்கும் கிடையாது" என்றார்.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, உங்களுக்கு அது சனிக்கிழமை சாயங்காலம், நாங்கள் கல்லறைக்குப் போகிறோம். டோமெங் வரமாட்டான் போல, போனை நானே பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் போனை முழுக்கச் சார்ஜ் போட்டு வையுங்கள். ஆல்தியாவை சன்னல் பக்கம் உட்காரவையுங்கள், அங்கேதான் சிக்னல் நிற்கும் என்று ரொடெலியோ சொன்னான். முகம் திரை முழுக்கத் தெரிய வேண்டும். நடுவில் எழுந்து ஓட விடாதீர்கள், மிட்டாய் கொடுங்கள். கடக்கும்போது பிள்ளை அழலாம், யாரோ கையை விடுவித்துக்கொள்கிற மாதிரி இருக்கும் என்று இஸ்கா அக்கா சொன்னார், நீங்கள் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் காப்பி வேண்டாம். நாற்காலியை மேசையடியில் தள்ளி வைத்துவிடுங்கள். அவரிடம், உங்க வீட்டுல தேடுறாங்க என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதட்டாதீர்கள், ரோஷக்காரர், பனியில் போய் நின்றுகொள்வார்.

இதை நீங்கள் எனக்குச் செய்தால் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். உங்கள் முழங்கால் வலிக்கு லூஸிடம் தேங்காய் எண்ணெயில் இஞ்சி போட்டுக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன், கால் ஆறும்வரை வெளியில் போகாமல் தேய்த்துக்கொள்ளுங்கள். ரொடெலியோவிடம் தொழிற்சாலை ராத்திரி வேலையில் கையில் வெட்டுப்படாமல் இறைச்சி வெட்டச் சொல்லுங்கள். மேரிகார் அங்கே முதியோர் இல்லத்தில் யார் யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டுகிறாள், அவள் இடுப்புக்கு மாதா பலம் கொடுக்கட்டும். ஆல்தியாவின் நெற்றியில் உங்கள் கையை ஒரு தரம் வைத்து, இது கொன்சோர்சியாவின் கை என்று சொல்லுங்கள். உங்கள் எல்லோரையும் குளிரிலிருந்தும் வழுக்கலிலிருந்தும் கடவுள் காப்பாராக.

உங்கள் அன்புள்ள சம்பந்தி,
கொன்சோர்சியா

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் செய்யாதீர்கள். லூஸ் வாசலில் நிற்கிறாள், படகுக்கு நேரமாகிறது, வேறு காகிதமும் இல்லை, அதனால் இதிலேயே எழுதுகிறேன்.

இன்று புதன்கிழமை காலை அவருடைய போன் அடித்தது. அந்தப் போனை நான் நிறுத்தவில்லை, எதற்கென்று தெரியாமல் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். எடுத்தால் ஆல்தியா. தாத்தா படத்தை அழுத்தியிருக்கிறது. உன் லோலா லியோனிலா எங்கே என்றேன். "ஆபீஸ் துடைக்கிற வேலைக்குப் போயிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்ககிட்ட மட்டும் சொல்லலாம்னு லோலோ சொன்னாரு" என்றது. அம்மா எப்போது வருவாள் என்றேன். கடிகாரத்தில் பெரிய முள் இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டுமாம். தனியாவா இருக்கே என்று கேட்டேன். "இல்லியே" என்றது, நான் ஏதோ புரியாத கேள்வி கேட்ட மாதிரி. போனைத் திருப்பி நாற்காலியைக் காட்டியது. நாற்காலிதான் தெரிந்தது, சம்பந்தியம்மா. வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் பிள்ளையின் தலை பின்னியிருந்தது. நுனியை மூன்றாம் மடிப்புக்குள் செருகி இழுத்து முடிந்திருந்தது. நின்றுபோன வண்டியைக் கட்டி இழுக்கிற கயிற்றை அவர் அப்படித்தான் முடிவார். வேறு யாருக்கும் அது வராது, எனக்கும் வராது.

காப்பியைப் பற்றி நான் எழுதினதற்கு வெட்கப்படுகிறேன். நீங்கள் சாயங்காலம் யார் அலுவலகத்தைத் துடைக்கப் போகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். போகாமல் முடியாது என்பதால்தான் அந்த முழங்காலோடு போகிறீர்கள். இஸ்கா அக்காவிடம்கூட இதைச் சொல்ல மாட்டேன், அவரிடம் ஞாயிற்றுக்கிழமை சிக்னல் இருக்காது என்று சொல்லிவிடுகிறேன். பாதி பாதியாகவே இருக்கட்டும். நாற்பதாம் நாள் நான் ஜெபம் மட்டும் சொல்கிறேன், வாசலைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை பெரியவளாகி ஒரு நாள் இங்கே வந்தால் நானே தூக்கிக் கடத்துகிறேன். அதற்குள் அவள்தான் என்னைத் தூக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. அவருக்கு ஓய்வு இல்லையென்று இஸ்கா அக்கா சொன்னார். வண்டி ஓட்டினவர்தானே, பயணி இறங்குகிறவரை காத்திருக்கத் தெரியும்.

போனை வைக்கும்போது பிள்ளை நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "லோலா, நீங்க சாப்பிட்டீங்களான்னு லோலோ கேக்குறாரு" என்றது. நான் அவரிடம் சொல்ல எத்தனையோ சேர்த்துவைத்திருந்தேன். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்றேன். பிள்ளை திரும்பிச் சொன்னது. நேற்று மத்தியானத்திலிருந்து நான் அடுப்பே மூட்டவில்லை. அவரிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. லூஸை அனுப்பிவிட்டுப் போய்ச் சோறு வைக்கிறேன்.